மேட்டுக் கொல்லையைச் சமன் செய்தலும் கரையைக் காத்தலும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலுள்ள நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நில அபிவிருத்திக் கடன் கோரி வரும் மனுக்களில், 'சரிவான கொல்லையைச் சமன் செய்ய' என்று காரணம் எழுதப்பெற்றவை பல. மனுவைப் புரட்டிப் பார்த்தால், மண் வெட்டும் இயந்திரத்திற்கு இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு வாடகை என்ற கணக்கு ஒழுங்காக இருக்கும். வெட்டிய மண்ணை எங்கே போடுவது, போட்ட மண்ணை எது தாங்கும், அதன்மேல் விழும் மழை எவ்வழியே வெளியேறும் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இராது. சங்க நிர்வாகத்தாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. கரைக்கும் நீர்ப்போக்குக்கும் ஏற்பாடு செய்யாத சமன் வேலைக்குச் சங்கப் பணத்தில் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம். இது சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் பகுதியை மலைநாடு என்று ஒருவரும் சொல்லார். எனினும் செஞ்சிக் குன்றுகளின் அடிவாரத்திலும், மயிலம் மலையைச் சுற்றியும், வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டிலும் மட்டமான கொல்லை அபூர்வம். நிலம் ஓடையை நோக்கியும், கழுவெளியை நோக்கியும், கடலை நோக்கியும் இறங்கிக்கொண்டே போகிறது. நூறடி நடந்தால் மூன்றடியோ ஐந்தடியோ இறக்கம் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது, மழைநீருக்குத் தெரியும். மணிலா விதைத்த கொல்லையின் மேற்பாதியில் செடி வெளிறிக் குட்டையாகவும், கீழ்ப்பாதியில் பசேலென்று கொழுத்தும் நிற்பதை அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். மேற்பாதியின் சத்து கீழே இறங்கிவிட்டது. அதில் ஒரு பங்கு அடுத்தவர் கொல்லைக்கும், மற்றொரு பங்கு ஓடைக்கும் போய்விட்டது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 முதலாகப் பல மணிலா ரகங்களைத் தந்திருக்கிறது. ரகம் எதுவாயினும் வேர் ஊன்ற மேல்மண் வேண்டுமல்லவா? ஆகவே, சமன் செய்ய விரும்பும் விவசாயியின் எண்ணத்தில் குற்றமில்லை. செய்யும் முறையிலேதான் குற்றம் இருக்கிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அப்போது மயிலத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆண்டு முழுவதும் சேர்ந்தே சுமார் 100 சென்டிமீட்டர் பெறும் மாவட்டம் நம்முடையது. அதில் பாதி ஒரே நாளில் பெய்தது என்றால் அதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இருநூற்றைக் கொண்டுவந்து ஒரே ஏக்கரில் கவிழ்த்ததற்குச் சமம். இத்தகைய நாள் ஆண்டுதோறும் வராது. ஆனால் வரும் நாளில், கரை தாங்குமா என்று யாரும் நின்று யோசிக்க இடமிராது.

அப்புயலுக்குப் பின் திண்டிவனம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கடன் பெற்ற நிலங்களைப் பார்வையிட நேர்ந்தது. ஊர்ப் பெயர் ஈண்டு வேண்டா. ஊருக்கு மேற்கே, நெசவாளர் தெருவின் பின்புறமாக, நூற்றைம்பது அடி நீளத்தில் ஆறடி இறங்கும் ஒரு கொல்லை. அதற்கு முந்தைய கோடையில் உரியவர் கடன் பெற்று, இயந்திரம் வைத்து, ஒரே தளமாக அதைச் சமன் செய்திருந்தார். மேல் ஓரத்தில் மூன்றடி வெட்டு. கீழ் ஓரத்தில் மூன்றடி மேடு. அதன்மேல் ஓரடிக்கு ஒரு வரப்பு. பார்வைக்குப் பலகை போலிருந்ததாம். நீர் வெளியேற ஒரு வாய்கூட வைக்கவில்லை. 'பெய்கிற மழையெல்லாம் என் நிலத்திலேயே ஊறட்டும்' என்பது அவருடைய கணக்கு. புயலன்று விடியற்காலையில் கரை ஓரிடத்தில் பிளந்தது. தேங்கி நின்ற நீர் முழுவதும் அந்த ஒரு பிளவின் வழியே செங்குழம்பாக இறங்கி நெசவாளர் வீடுகளில் புகுந்தது. மூன்று வீடுகளில் தறிக்குழிகள் மண்ணால் தூர்ந்தன. தறியிலிருந்த பாவும், நாடாவிலிருந்த நூலும் பயனற்றுப் போயின. அந்த நூல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது; மேலே மண் வெட்டிய பணம் வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது. ஒரே ஊரில், ஒரே தெருவின் இரு முனைகளில் இருக்கும் இரு சங்கங்கள். ஒன்றன் பணம் மற்றொன்றன் நூலை அழித்தது. விவசாயிக்கோ, கரை போய், நடுக்கொல்லை வரை ஆளிறங்கும் ஆழத்திற்கு ஓடை அறுத்துவிட்டது. தவணை மட்டும் குறையாமல் நிற்கிறது. நெசவாளருக்கு ஒரு மாதக் கூலி போயிற்று. இதில் எவரும் தீயவரல்லர். பேசிக்கொள்ளாதவர்கள், அவ்வளவே.

கரையை உடைப்பது மண்ணின் பாரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால் சுவரைத் தடிப்பாகக் கட்டினால் போதும் என்று நம்புகிறார்கள். உண்மையில் உடைப்பது நீர். ஆறடி உயரமுள்ள தாங்குசுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னாலுள்ள மண் காய்ந்திருக்கும்போது, சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தின் மீதும் ஏறக்குறைய 270 கிலோ எடைக்கு ஈடான தள்ளுவிசை இருக்கும். அதே மண் உச்சி வரை நீர் ஊறி, நீர் வெளியேற வழியின்றி நின்றால், அவ்விசை 670 கிலோ அளவுக்கு ஏறிவிடும். அதில் 500 கிலோவுக்கு மேல் தண்ணீருடைய பங்கு. கோடையில் பாறைபோல் நின்ற சுவர் ஐப்பசி கார்த்திகையில் வயிறு தள்ளிச் சரிவது இதனாலேயே. சுவரைக் கட்டிய கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரின் அடியில் நீர்க்கசிவுத் துளைகள் விடாததையும், பின்புறம் ஒன்றரை அடிக்குச் சரளையும் கல்லும் நிரப்பாததையும் சொல்ல வேண்டும். நான்கடிக்கு ஒன்றாகத் துளைகள் விட்டு, அவற்றின் உள்வாய் மண்ணால் அடைபடாதபடி சல்லி வைத்தால் அந்த 500 கிலோ பாரம் சுவர்மீது ஏறவே ஏறாது. இதற்கு ஆகும் செலவு சுவரின் செலவில் மிகச் சிறு பங்கே.

சிமெண்டு பூசாத கல்லடுக்குச் சுவரை நம்மவர் இப்போது ஏளனமாகப் பார்க்கிறார்கள். நான்கடி உயரம் வரை நம் கொல்லைகளுக்கு அதைவிட நல்லது வேறில்லை என்பது நமது எண்ணம். கற்களின் இடுக்கெல்லாம் அதற்கு நீர்த்துளைகள்தாம். அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமலிருக்க வேண்டும். முதல் வரிசைக் கல் ஓரடி ஆழம் தோண்டிய கெட்டித் தரையில் அமரவேண்டும். முகம் மேட்டுப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். நீளக் கற்களை இடையிடையே குறுக்காக உள்ளே ஓடவிட்டுக் கட்ட வேண்டும். பாவை மட்டும் நீட்டிவிட்டு ஊடை கொடுக்காமல் துணியாகுமா என்று நெசவாளர்களைக் கேட்டால் தெரியும்.

கெட்டியான கட்டுமானமே காப்பு என்று இன்னும் எண்ணுபவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் உண்டு. தென்பெண்ணையின் குறுக்கே தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டப்பெற்ற தடுப்பணை 2020-இல் பயனுக்கு வந்தது. 2021 ஜனவரியில் அதன் கரைப்பக்கத் தடுப்புச்சுவர் சரிந்து, தேங்கிய நீர் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு போயிற்று. அவ்வாண்டு நவம்பர் வெள்ளத்தில் மீண்டும் உடைந்தது. அதன் பொறியியல் குறைகளை ஆராய்வது நம் வேலையன்று. கொல்லைக்காரர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: நீர் தனக்கு எதிரே நிற்கும் கெட்டியான பகுதியுடன் மல்லுக்கு நிற்பதில்லை, கட்டும் மண்ணும் சேரும் முனையைத் தேடிப் போகும். நம் சிறு கரைகளிலும் உடைப்பு நடுவில் நேர்வதைவிட ஓரத்தில், வரப்பும் வேலியும் சேரும் மூலையில் நேர்வதே அதிகம். அம்மூலையைக் கரையின் மற்ற பாகத்தைவிட அரையடி உயர்த்தி, சுவரை மேட்டுக்குள் மூன்று நான்கு அடி திருப்பி நுழைத்துவிட வேண்டும்.

இனிச் சமன் செய்யும் கணக்குக்கு வருவோம். நூறடி நீளத்தில் ஐந்தடி இறங்கும் கொல்லையை ஒரே தளமாக்கினால், மேலே இரண்டரை அடி வெட்டிக் கீழே இரண்டரை அடி மேடு போடவேண்டும். கொல்லையின் ஒவ்வோர் அடி அகலத்திற்கும் ஏறக்குறைய 62 கன அடி மண் இடம் பெயரும். அதையே மூன்று படிகளாகப் பிரித்தால் 21 கன அடி போதும். ஐந்து படிகளாக்கினால் பன்னிரண்டரை. படி எத்தனையோ அத்தனையில் ஒரு பங்காக மண்வேலை குறைகிறது என்பது சூத்திரம். இயந்திரத்தின் மணிக்கணக்கும் அவ்வாறே குறையும். வாடகைக்கு இயந்திரம் விடுபவர் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார். அது அவர் பிழைப்பு. சங்கம் சொல்ல வேண்டும்.

படி கூடினால் கரைகளுக்குப் போகும் இடமும் கூடுமே என்று விவசாயி கேட்பார், நியாயமான கேள்வி. ஒன்றுக்கு ஒன்றரை என்ற சாய்வில் மண் கரை வைத்து, மேலே ஒன்றரை அடி அகலம் விட்டால், ஒரே தளத்தில் மேல் வெட்டும் கீழ்க் கரையுமாக ஒன்பது அடி போகும்; மூன்று படியில் பன்னிரண்டு அடி; ஐந்து படியில் பதினைந்து அடி. முப்பது சென்ட் வைத்திருப்பவருக்கு மூன்றடியும் பெரிது. ஆகவேதான் இத்தகைய சரிவுக்கு மூன்று படி என்று நாம் சிபாரிசு செய்கிறோம். ஒரே தளத்தைவிட மூன்றடி கூடுதலாக இழந்து, மண்வேலையில் மூன்றில் இரண்டு பங்கை மிச்சப்படுத்துவது நஷ்டமான வியாபாரம் ஆகாது.

அதைவிட முக்கியமானது மேல்மண். நம் மேட்டு நிலங்களில் ஓரடி ஒன்றரை அடிக்குக் கீழே சரளை தட்டும் இடங்கள் பல. அங்கே இரண்டரை அடி வெட்டினால், மேற்பாதியில் நாம் உழப்போவது மண்ணை அன்று, சரளையை. கீழ்ப்பாதியில் நல்ல மண்ணின் மேல் சரளையைக் கொட்டிப் புதைத்திருப்போம். முதலில் அரையடி மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணைச் சமன் செய்து, பிறகு குவித்ததைப் பரப்ப வேண்டும். இயந்திரம் இரண்டாம் முறை ஓட வேண்டியிருப்பதால் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். செய்யாதவர்கள் நான்கைந்து ஆண்டுகள் எருவடித்தும் பழைய விளைச்சலை எட்டாமல் திண்டாடுவதைப் பார்க்கிறோம்.

மேடு போடும் மண்ணைக் கொட்டிவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது. அரையடி அரையடியாகப் பரப்பி, ஈரம் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்கைப் போடவேண்டும். பழைய சரிவின்மேல் புல்லோடு அப்படியே மண் கொட்டினால் புதுமண் வழுக்கும். முதலில் புல்லைச் செதுக்கி, சரிவில் படி வெட்டி, அதன்மேல் கொட்ட வேண்டும். எவ்வளவு இடித்தாலும் முதல் மழைக்காலத்தில் கரை கொஞ்சம் அமரும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கு உயரம் கூட்டி வைப்பது நல்லது. மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் மட்டமே போதும்.

தளத்தைத் தட்டுப்போல் மட்டமாக்குவதும் சரியன்று. மழை குறைந்த நாடுகளில் பெய்வதை எல்லாம் வரப்புக்குள் நிறுத்துவது பொருந்தும். 100 சென்டிமீட்டர் மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைகளில் கொட்டித் தீர்க்கும் நம் மாவட்டத்தில், ஊறியது போக மிஞ்சியதை மெல்ல அழைத்துச் செல்ல வேண்டும். தளம் கரையின் பக்கம் சாயாமல் உட்பக்கம் சற்றே சாயட்டும். அங்கு ஓடும் சிறு வாய்க்கால் நூறடிக்கு மூன்று அங்குலம் என்ற அளவில் ஒரு முனையை நோக்கி இறங்கட்டும். அம்முனையில் கல் பாவிய வாய் ஒன்று இருக்கட்டும். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, கொல்லைக்கு அது அப்படி. கலிங்கு இல்லாமல் ஏரி கட்டியவரை நம் ஊரில் பைத்தியம் என்பார்கள். கொல்லைக்குக் கலிங்கு வையாதவரை அப்படி யாரும் சொல்வதில்லை, கடன் கொடுக்கிறோம்.

நெசவாளர் வீட்டுப் புழக்கடைகளுக்கும் இது பொருந்தும். இடம் சிறிது, ஆயினும் கூரைத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் விழுகிறது. பின்சுவருக்கும் தாங்குசுவருக்கும் இடையே அது இறங்கினால் முன்னே சொன்ன விபத்து வீட்டுக்குள்ளேயே நேரும். கூரைத் தண்ணீரைத் தூம்பு வைத்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்ட பிறகே புழக்கடையில் மண் நிரப்ப வேண்டும். தறிக்குழி உள்ள சுவரை ஒட்டி ஒருபோதும் மேடு போடலாகாது.

கரையைப் பிடித்து நிறுத்தும் வேலையில் வெட்டிவேருக்கு நிகரானது இல்லை. அண்டை மாவட்டமான கடலூரில், நொச்சிக்காட்டுப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில், தைலத்திற்காக அதைப் பயிர் செய்கிறார்கள். கர்நாடகத்துக் குண்டல்பேட்டைப் பகுதி விவசாயிகள் அதைத் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லையாக வளர்த்து வந்தனர். 1980-களில் உலக வங்கியின் நிபுணர்கள் அதைப் பார்த்து, மண் காப்புக்கு உகந்ததென்று பல நாடுகளில் பரப்பினார்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக மூன்று மீட்டர் வரை இறங்கக் கூடியது. தென்னாட்டில் பயிரிடும் வகை விதையால் பரவிக் களையாவதில்லை. அரையடிக்கு ஒரு தூராக, சரிவுக்குக் குறுக்கே ஒரே வரிசையில், இடைவெளியில்லாமல் நட்டால், இரண்டு ஆண்டுகளில் அடர்ந்த வேலியாகி, ஓடிவரும் மண்ணை வடிகட்டித் தன் பின்னாலேயே தேக்கிக்கொள்ளும். ஒரேயோர் எச்சரிக்கை: கரைக்கு நட்ட வெட்டிவேரைத் தைலத்திற்காகத் தோண்டக் கூடாது. விலை ஏறிய ஆண்டில் தோண்டிவிட்டு, அடுத்த மழையில் கரையை இழப்பது வெண்ணெயைக் கொடுத்துச் சுண்ணாம்பு வாங்குவதற்கு ஒப்பாகும்.

கரையில் கிடைக்கும் வருவாயை வேறு வழியில் தேடலாம். சாய்வில் கொழுக்கட்டைப் புல் வளர்த்தால் மாட்டுக்கு ஆகும். அடிவாரத்தில் துவரையும் ஆமணக்கும் வைக்கலாம். பெருமரங்களைப் புதுக் கரையின் உச்சியில் வைக்கலாகாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கரையில் நிற்கும் மரம் அவ்வாறு சாய்ந்தால், தன் வேர்க்கட்டியோடு கரையையும் பெயர்த்துக்கொண்டுதான் சாயும். பனை இதற்கு விலக்கு. நம் மாவட்டம் பனைக்குப் பேர்பெற்றது. நார் நாராக இறங்கும் அதன் வேர் ஏரிக்கரைகளை எத்தனை காலமாகக் காத்து வருகிறது என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது; செங்கற் சூளைக்கு வெட்டிவிற்ற பின்பே நமக்குத் தெரிந்தது. 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டத்தை அறிவித்ததோடு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது நல்ல காரியம்.

சரிவு முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் காண வானூர் வட்டம் வரை போனால் போதும். 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் தொடங்கப்பெற்றபோது அச்செம்மண் மேடு பெரும்பாலும் மரமற்ற பொட்டலாகக் கிடந்தது. மழைநாளில் ஓடைகள் செம்மண்ணைச் சுமந்து சென்று கடலோரத்தைச் சிவக்க அடித்தன. அங்கு குடியேறியவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தார் பலரும் சேர்ந்து செய்த வேலையில் மரம் நட்டதையே எல்லோரும் பேசுகிறார்கள். மரத்திற்கு முன் வரப்பு வந்தது என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வயல் வயலாக வரப்பெடுத்து, ஓடைகளில் சிறு தடுப்புகள் கட்டி, பெய்த நீர் ஓடாமல் ஊறும்படி செய்த பிறகே கன்றுகள் பிழைத்தன. தடுக்காமல் விட்ட மண் எங்கே போகிறது? செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் சங்கராபரணியில், 1959-இல் கட்டி முடித்த வீடூர் அணை 60.5 கோடி கன அடி கொள்ளும் என்று கணக்கிட்டுக் கட்டியது. மேலேயுள்ள கொல்லைகள் கரைய அணையின் கொள்ளளவும் குறையுமேயன்றிக் கூடாது.

ஆரோவில்லில் நிலம் பெருமளவு ஒருங்கே இருந்தது. நம் கொல்லைகளோ ஒரே சரிவில் பத்துப் பேருக்குச் சொந்தம் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அதனால்தானே கூட்டுறவு வேண்டும் என்கிறோம்! இது புதுக் கருத்தும் அன்று. பம்பாய் மாகாணம் 1942-இலும், சென்னை மாகாணம் 1949-இலும் சம உயர வரப்பு வேலைகளுக்குச் சட்டம் செய்தன. 1959-இல் இங்கு விரிவான நில அபிவிருத்தித் திட்டச் சட்டம் வந்தது. தனி ஒருவருடைய சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளாமல், ஒரு பரப்பு முழுவதற்கும் திட்டம் வகுப்பது அச்சட்டங்களின் அடிப்படை. சட்டம் செய்தவர்கள் தண்ணீருக்குப் பட்டா தெரியாது என்பதை அறிந்திருந்தார்கள்.

'என் கொல்லை, என் செலவு, கீழே இருப்பவருக்கு என்ன?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். மேல் நிலத்தில் இயற்கையாக விழும் மழைநீர் இயற்கையாகக் கீழ் நிலத்தில் இறங்குவதற்கு உரிமையுண்டு என்பதை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதில் 'இயற்கையாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பரந்து இறங்கிய நீரை மேடு போட்டுத் தேக்கி, ஒரே வாயால் அண்டை வீட்டார் மேல் விடுவது இயற்கை ஆகாது. தன் நிலத்திற்கு அண்டை நிலம் தரும் இயற்கையான தாங்குதலும் அச்சட்டத்தில் ஓர் உரிமை; எல்லையை ஒட்டி மூன்றடி வெட்டுபவர் மேல் நிலத்துக்காரரின் அவ்வுரிமையில் கை வைக்கிறார். வழக்குக்குப் போனால் பத்தாண்டு ஆகும். அதற்குள் பத்து மழைக்காலம் வந்துவிடும்.

சில நிர்வாகிகள், 'நிலம் அடமானம் இருக்கிறது, கடனுக்குப் பழுதில்லை; கரையைப் பற்றிச் சங்கம் ஏன் கவலைப்பட வேண்டும்?' என்று கேட்கிறார்கள். அடமானப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கிறது, ஆழம் எழுதவில்லை. மேல்மண் போன பிறகும் நான்கெல்லை அப்படியே இருக்கும். தவணை கட்டும் சக்தி மட்டும் இராது. கரையைக் கவனிப்பது தர்மகாரியமன்று, கடன் வசூல் காரியமேயாகும்.

ஆகவே சங்கங்கள் சமன் கடனை ஒரே தொகையாக இயந்திரக்காரர் கையில் போய்ச் சேரும்படி கொடுக்காமல், இரண்டு பகுதியாகக் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். படிகளும் மேல்மண் குவியலும் குறித்த சிறு வரைபடத்தின் மேல் முதற்பகுதி. கரையும் கல் வாயும் முடிந்ததைச் சங்கத்தார் நேரில் பார்த்த பிறகு மறுபகுதி. வரைபடம் தயாரிக்க வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களை அணுகலாம்; அத்துறையிடமே மண் தள்ளும் இயந்திரங்களும் வாடகைக்கு உண்டு. சரிவின் கீழே நெசவாளர் தெரு இருந்தால், நெசவாளர் சங்கத்துப் பிரதிநிதி ஒருவரும் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கையொப்பமிடட்டும். அடுத்தடுத்த நான்கைந்து கொல்லைக்காரர் சேர்ந்து மனுச் செய்தால் அதற்கு முதலிடம் கொடுக்கலாம். அவர்களுக்குப் பொதுவாக ஒரே போக்குக் கால்வாய் போதும், மூலைகள் குறையும், உடைப்புக்கு இடமும் குறையும்.

பொதுக் கால்வாய்க்கு யார் இடம் விடுவது என்ற இடத்தில்தான் பேச்சு முறியும். பெரும்பாலும் கீழ்க்கொல்லைக்காரர் தலையில் அது விழும். அவரோ சிறு விவசாயி. அவரிடம் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது முறையன்று. மேலே உள்ளவர்கள் தத்தம் பரப்பின் விகிதப்படி அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். அல்லது கால்வாய் வெட்டும் செலவு முழுவதையும் ஏற்று, அதிலிருந்து அவர் கொல்லைக்கு ஒரு மடை வைத்துத் தர வேண்டும். வேலை மேலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. மேலே திறந்து கிடக்கையில் கீழே கட்டிய கரை ஒரு மழைக்குத் தாங்காது. ஆனால் நீர் போகும் கால்வாயை மட்டும் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

வேலைக்குரிய காலம் குறுகியது. தை மாசியில் கொல்லை காலியானதும் மட்டம் பார்த்துவிட வேண்டும். பங்குனிக்குள் மண் வேலை முடிந்தால், சித்திரை வைகாசியில் எப்போதாவது விழும் கோடைமழை கரையை அமர வைக்கும். விரிசல் கண்ட இடத்தை இடித்துச் சேர்க்க நாளிருக்கும். ஆடி ஆவணிச் சாரலில் வெட்டிவேர் நட்டால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். புரட்டாசியில் இயந்திரத்தைக் கொல்லையில் இறக்குபவருக்கு, அவர் எத்தனை நாணயமான அங்கத்தினராயினும், அவ்வாண்டு கடனைச் சங்கம் மறுத்துவிட வேண்டும். நாற்றுத் தூர்கள் வெளியில் வாங்கினால் விலை அதிகம். சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் கிணற்றடியில் நான்கு பாத்தி இருந்தால் ஒரு சரிவுக்கு வேண்டிய தூர்களைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆடிக்கு நாற்று வேண்டுமெனில் இந்தத் தை மாதத்திலேயே பாத்தி போட்டாக வேண்டும்.